யார் முதலில் விடுவது?

பெண் பார்க்க வந்த புகழேந்தியும் தமிழினியும் மொட்டை மாடிக்குப் பேசப்போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. தமிழினியின் அம்மா செண்பகம் படிக்கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"நீங்களும் பிடிச்சதை விடல, நானும் விடல. அப்புறம் எப்படிங்க நகரும்?" என்றான் புகழேந்தி.

"சரி, இனிமே முதல்ல நீங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்கேன்" என்றாள் தமிழினி.

செண்பகத்துக்குக் கண் கலங்கியது. கூடத்துக்கு ஓடினாள். "சம்பந்தி, ஸ்வீட் எடுத்துக்குங்க! எம்பொண்ணு விட்டுக்குடுத்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்!"

இருவரும் சிரித்தபடி இறங்கி வந்தார்கள்.

"இன்னாம்மா முடிவு?" என்றாள் செண்பகம்.

"எல்லாம் சரியாயிடுச்சும்மா! எங்ககிட்ட தோல் வாங்கற ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறவரு இவருதான். எங்க வாணியம்பாடி தோல் கம்பெனிக்கு நான் எழுதின புரோகிராமும் இவரோடதும், ஒண்ணு பிடிச்சு வெச்ச ஃபைலை விடட்டும்னு இன்னொண்ணு காத்துக்கிட்டு, மூணு நாளா ரெண்டுமே நின்னுடுச்சி. போன்ல நான் சண்டை போட்ட ஆளும் இவருதான்."

"அப்ப கல்யாணம்?"

இருவரும் திருதிருவென விழித்தார்கள்.

"அதைப் பேச மறந்துட்டோம் அத்தை" என்றான் புகழேந்தி. "இன்னும் ஒரு மணி நேரம் குடுங்களேன்."

தமிழினி அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.