வாசலுக்கே திரும்பியவர்

அலுவலகத்தின் கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளனுக்கு, போன மாதம் செத்துப்போன சீனியர் என்றாலே இளக்காரம்தான். “இதெல்லாம் ஒரு வேலை! வெங்காயம்!” என்றபடி அவருடைய பழைய இணையப் பக்கத்தைத் தூக்கி எறிந்தான். அந்த முகவரிக்கு வருகிறவர்களை அலுவலகத்தின் முகப்புப் பக்கத்துக்கே நிரந்தரமாகத் திருப்பிவிட ஒரு வரி எழுதினான்.

மத்தியானம், புதிதாகச் சேர்ந்த வரவேற்பறைப் பெண் போன் செய்தாள். “அண்ணா, யாரோ பெரியவர் வந்திருக்கார். மாடியில அவர் ரூமுக்குப் போகணுமாம். எத்தனை தடவை ஏறினாலும் வாசலுக்கே வந்துடறாராம்.”

“கிறுக்கனா இருப்பான், துரத்திவிடு” என்று உறுமிவிட்டு, தானே இறங்கி வந்தான்.

சீனியர் அவனைக் கடந்து படியேறி, திருப்பத்தில் மறைந்தார். மறுநொடி வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

பொறியாளன் பதறி மாடிக்கு ஓடி அந்த வரியை அழித்தான். அப்படியும் கீழே வாசல் கதவு மறுபடியும் திறந்தது; சீனியர்தான்.