டாக்கெட் எழுந்திருக்கவில்லை

"டாக்கெட், ரெடியா இரு. ஹோல்கோமைத் தூக்கறேன். நீ வந்து முடிச்சுக் கொடு."

போனில் மேனேஜர் விக்கர்ஸ்.

"நான் வரலை."



"என்ன சொன்னே?"

"வரலைன்னு சொன்னேன்."

டாக்கெட் போனை வைத்தான்.

பேஸ்பால் மைதானத்து ஓர வேலிக்குள் மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் இடம் அது. அடுத்தவன் தொடங்கிய ஆட்டத்தைக் கடைசியில் போய் முடித்துக் கொடுப்பதுதான் பல வருஷமாக டாக்கெட்டின் பிழைப்பு.

கடைசி இன்னிங்ஸ். அவனுடைய ரிவர்மென் அணி ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் இரண்டு பேர், அடி விழுந்ததும் ஓடி ரன் எடுக்க, பேஸ் என்கிற ஓட்ட முனைகளில் தயாராக நின்றார்கள். இன்னும் ஒருத்தனை அவுட்டாக்கினால் ஜெயிக்கலாம். அவன் அடித்துவிட்டால் எல்லாம் போச்சு.

தொடக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்த ஹோல்கோமுக்கு நாற்பது வயது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

நேற்று மழையில் நின்றுபோன ஆட்டத்தைக் காலையில் ஆடி முடித்ததில், மற்ற மாற்று வீச்சாளர்கள் எல்லோருக்கும் கை ஓய்ந்துவிட்டது. மிச்சம் டாக்கெட் ஒருத்தன்தான்.

மறுபடி போன் அடித்தது. பயிற்சிப் பந்துகளைப் பிடித்துக் கொடுக்கும் ஆஸ்கர் எடுத்தான். கேட்டுவிட்டு டாக்கெட்டிடம் திரும்பினான்.

"நீ இப்ப போகலைன்னா, நாளைக்கு உனக்கு டீம்ல இடம் இல்லையாம்."

"சரின்னு சொல்லிடு."

"உனக்கென்ன பைத்தியமா? ஹோல்கோம்மேல இருக்கற கோபத்தை இப்பவா காட்டுவே?"

கோபம் ஊரறிந்தது. 'பத்து நிமிஷ வேலைக்கு வர்றவனுக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?' என்று ஹோல்கோம் ஒருமுறை பத்திரிகையில் சொல்லி வைத்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

டாக்கெட் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

கூட்டம் கவனித்துவிட்டது. ஊளைச் சத்தம் கிளம்பியது. வேலிக்கு மேலிருந்து ஒருவன் வேர்க்கடலைத் தோலை வீசினான்.

"எழுந்திருடா பயந்தாங்கொள்ளி. உட்காரவா உனக்குச் சம்பளம்?"

டாக்கெட் நிமிர்ந்து பார்த்தான். "என்னை ஏன்யா பார்க்கறே? அவன் வீசறதைப் பாரு. அதுக்குத்தானே டிக்கெட் வாங்கினே?"

ஹோல்கோம் வேலிப்பக்கம் திரும்பினான். கோட்டோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தான். தரையில் துப்பினான்.

அப்புறம் வீசினான்.

முதல் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கூட்டத்துக்குள் போனது. இரண்டாவதும் அப்படியே. இரண்டுமே தவறிய அடிக் கணக்கு; மூன்றாவதையும் தவறவிட்டால் அவுட். மூன்றாவதற்கு மட்டை வெறும் காற்றைத்தான் அடித்தது.

அரங்கமே எழுந்து நின்றது. சக ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஹோல்கோமைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

உடை மாற்றும் அறையில், எல்லோர் முன்னாலும், ஹோல்கோம் டாக்கெட்டிடம் வந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"நான் தோக்கணும்னுதானே உட்கார்ந்திருந்தே? தோக்கலை. பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றான் டாக்கெட்.

"வெட்கமா இல்லை?"

"இல்லை."

பின்னாலேயே விக்கர்ஸ் வந்தார். "பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

"எடுத்து வச்சாச்சு சார்."

அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தான். கார் நிறுத்துமிடத்தில் ஆஸ்கர் ஓடிவந்து வழிமறித்தான்.

"காரணத்தைச் சொல்லிட்டுப் போ. இனி எந்த டீம் உன்னை எடுக்கும்? ஒருத்தன்மேல இருக்கற பகைக்காக யாராவது சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்குவாங்களா?"

டாக்கெட் பையைக் காருக்குள் வைத்தான்.

"காலைல விக்கர்ஸ் என்னைத் தனியா கூப்பிட்டார். 'நாளைக்கு ஹோல்கோமை வீட்டுக்கு அனுப்பறோம், வயசாயிடுச்சு. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம் போட்டுத் தர்றேன்'னார். அவனுக்கு இன்னும் தெரியாது."



"அப்ப, இன்னிக்குத்தான் அவனோட கடைசி ஆட்டமா?"

"பாதியில அவன் கையிலேர்ந்து பந்தை வாங்க எனக்கு மனசு வரலை."

"இரு, இப்பவே போய் அவன்கிட்ட சொல்றேன். உன்னை எப்படிப் பேசிட்டான்."

டாக்கெட் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"சொன்னா, நாளைக்குத் தெரியப் போறது அவனுக்கு இப்பவே தெரிஞ்சுடும். விடு. இன்னிக்கு ஒரு நாள் ஜெயிச்சவனா வீட்டுக்குப் போகட்டும்."