ஐயரம்மாவின் புள்ளிகள்

அவர் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

விரல் விரலாக. நகக்கண்ணைக்கூட விடாமல்.

அவள் கதவோரத்தில் டிபன் கேரியரோடு நின்று பார்த்தாள். வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இந்த மனிதர் பேருக்கு இரண்டு விரலை நனைத்துவிட்டு வந்து உட்காருவார்.

கையைத் துண்டால் ஒற்றினார். ஈரம் போய்விட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய், பழுப்பேறிய அந்த நோட்டை இரண்டு கையாலும் எடுத்தார். பிறந்த குழந்தையைத் தூக்குவது போல.

அவளுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே?

நோட்டுக்குச் சொந்தக்காரி செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் வில்ஹெல்மினா. ஜெர்மனியிலிருந்து இந்தக் கடற்கரை ஊருக்கு வந்த ஒரு போதகரின் மனைவி. போதகரின் டைரிகள், பிள்ளைகளின் பாட நோட்டுகள், இவளுடைய நோட்டுகள் எல்லாம் பழைய மிஷன் பங்களாவின் இந்த அறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. இவள் புருஷனுக்கு ஜெர்மன் தெரியும். அவரும் போதகராக இருந்தவர், ஓய்வுபெற்றுச் சும்மாதான் இருக்கிறார். சபை வரலாறு எழுத வேண்டும், தமிழாக்கித் தாருங்கள் என்று சபையார் கேட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்தது சனி.

"மினாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல" என்பார், காபியைக் கையில் வைத்துக்கொண்டு. "மினா முட்டைக்கோஸ் விதை போட்டாளாம். ஒண்ணுகூட முளைக்கலையாம்."

மினா!

வில்ஹெல்மினாவைச் சுருக்கி மினா. ஞானசௌந்தரி என்று நீளமாக ஒரு பெயர் இவளுக்கும்தான் இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைச் சுருக்கியதில்லை. சுருக்குவது இருக்கட்டும், சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" தான்.

போன மாதம் இவளுக்கே காய்ச்சல் வந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், மினாவுக்கும் இப்படித்தான் சாயங்காலம் ஏறுமாம்.

உயிரோடு இருப்பவள் என்றால் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். கல்லறையில் கிடப்பவளை என்ன செய்வது? கோயிலுக்குப் பின்னால்தான் அந்தக் கல்லறை. ஞாயிறு ஆராதனை முடிந்து அந்தப் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவ்வளவுதான் முடிந்தது.

இன்றைக்கு ஆளைப் பார்த்துவிடுவது என்று வந்திருக்கிறாள். மீன் குழம்பு ஒரு சாக்கு.

உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. கேரியரை வராந்தா பெஞ்சில் வைத்தாள். குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள்.

விரல் விரலாக.

"நீ எங்க இங்க?" என்றார் அவர். தலை நிமிரவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள். கோழிக் கிறுக்கல். இந்தக் கையெழுத்துக்கா இத்தனை பாடு? கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதி வைத்திருந்த தமிழ்த் தாள்கள்.

மேலே தலைப்பு: ஐயரம்மாவின் நாட்குறிப்பு.

ஆறுதல் போன இடம் தெரியவில்லை.

லுத்தரன் சபையில் போதகரை ஐயர் என்பார்கள், மனைவியை ஐயரம்மா. அவர் ஊழியம் பார்த்த ஊரிலெல்லாம் இவள்தான் ஐயரம்மா. இருந்த ஒரே பட்டம். அதையும் தூக்கி அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

உதட்டைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய்ந்தார்கள். மூன்று புள்ளி. மீனவர் குடும்பம் ஒன்று ஞானஸ்நானம் பெற்றது. மூன்று புள்ளி. இரவெல்லாம் மழை. மறுபடி மூன்று புள்ளி.

தாளுக்குத் தாள் புள்ளிகள்.

"இது என்னங்க?"

"விட்டுட்ட இடம். புருஷன் பெண்சாதி விஷயம். சபை வரலாற்றுல அதையெல்லாம் போட முடியுமா?"

அவள் காது சூடேறியது. மினா தன் புருஷனைக் கொஞ்சியதை எல்லாம் இவர் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார்.

"வாசிங்க."

"சும்மா புலம்பல்தான்."

"வாசிங்கன்னு சொல்றேன்ல?"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை சபை அறிவிப்பு வாசிக்கும் குரலில்.

"இன்றும் அவர் தமிழ் ஓலைச்சுவடிகளோடு இருந்தார். ஒவ்வோர் ஓலையையும் துடைத்து எண்ணெய் தடவுகிறார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் தலைவலி பற்றிச் சொன்னேன். பூச்சி அரித்த ஓலை பற்றிப் பதில் சொன்னார். சாப்பிட வாருங்கள் என்றேன். அவர் காதில் விழவில்லை. சூப் ஆறிவிட்டது. நான் ஓலையாகப் பிறந்திருந்தாலாவது..."

அங்கே குரல் நின்றது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கதவு வழியாக வராந்தா தெரிந்தது. பெஞ்சில் இருந்த கேரியரை அப்போதுதான் பார்த்தார்.

அவள் அந்தக் கோழிக் கிறுக்கலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப் பாவி. இதைச் சொல்ல உனக்கு ஒரு ஆள்கூட இல்லையா இந்த ஊரில்? இத்தனை நாள் கல்லறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாள்.

"சௌந்தரி."

அவர்தான். குரல் அவருடையது போலவே இல்லை.

"சௌந்தரி, வா, சாப்பிடலாம். குழம்பு ஆறிடும்."

அவள் அடுத்த மூன்று புள்ளிகளின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"இங்க?" என்றாள். "இங்க மினா என்ன சொல்றா?"