ஐந்தாவது முகம்

நூற்று நாற்பத்து இரண்டு படிவங்கள் வரை அவளுக்குத் தடங்கலே இல்லை.

கடைசிப் படிவத்தில் டிக் இல்லை.

எல்லாப் படிவங்களிலும் ஐந்து முகங்கள் அச்சாகியிருந்தன. முதல் முகம் வாய்கொள்ளாமல் சிரித்தது. ஐந்தாவது அழுதது. நடுவில் இருந்த மூன்றும் சிரிப்பிலிருந்து அழுகைக்கு இறங்கும் படிகள். மாநாடு எப்படி இருந்தது? ஏதேனும் ஒரு முகத்தில் மட்டும் டிக் செய்யவும்.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை எப்படி மேம்படுத்துவது என்று நேற்று நாள் முழுக்கப் பேசினார்கள். டாக்டர்கள் பேசினார்கள். ஆசிரியைகள் பேசினார்கள். பெற்றோர் இருவர் பேசினார்கள். யாருக்காகப் பேசினார்களோ அவர்கள் மஞ்சள் டி-ஷர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கை தட்டினார்கள்.

அவளும் பேசினாள். அறக்கட்டளை அலுவலகத்தில் வேலை பார்ப்பவளாக அல்ல. அதன் பகல்நேர மையத்துக்குப் போய்வரும் ஒருவனுடைய அக்காவாக.

மாநாட்டை எடைபோட்டு அறிக்கை எழுதும் வேலையும் அவளுடையதுதான். கடைசிப் பத்தி ஒன்றுதான் பாக்கி. பகல்நேர மையத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறக்கலாமா, வேண்டாமா? அறிக்கை சொல்கிறபடி செய்துவிடலாம் என்று கமிட்டி ஒதுங்கிக்கொண்டது.

வேண்டாம் என்றுதான் மேடையில் அவள் பேசியிருந்தாள். ஞாயிறு வீட்டுக்கு உரிய நாள் என்றாள். பேச்சுக்கு நடுவே ஒரு வேடிக்கையும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமையும் என் தம்பி எட்டரைக்கெல்லாம் பைய மாட்டிக்கிட்டு கேட்டுல நிப்பான். இன்னிக்கு லீவுடான்னு சொல்லி உள்ள கூட்டிட்டு வர்றதுக்குள்ள என் டீ ஆறிப்போயிடும்."

அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் அவனும் சிரித்தான்.

படிவங்களில் அந்தப் பேச்சைத்தான் பலர் பாராட்டியிருந்தார்கள். 'மனதைத் தொட்டது' என்று எட்டு பேர் எழுதியிருந்தார்கள்.

அவள் கடைசிப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள்.

டிக் இல்லையே தவிர, முகங்களுக்குக் கீழே பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது.

சிரிக்கும் முகத்துக்குக் கீழே, திங்கள்.

இரண்டாவதன் கீழே செவ்வாய், புதன், வியாழன். இடம் போதாமல் வியாழன் வளைந்து கீழே இறங்கியிருந்தது.

மூன்றாவதன் கீழே வெள்ளி. நான்காவதன் கீழே சனி.

அழும் முகத்துக்குக் கீழே, ஞாயிறு.

மையத்தின் சுவரில் கிழமை அட்டை ஒன்று உண்டு. தினமும் சாயங்காலம் கிளம்பும் முன், அந்தக் கிழமைக்கு நேராக ஆளுக்கொரு முகம் ஒட்டுவார்கள். முகத்தைப் பார்த்தால் கிழமை எழுத வேண்டும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள்.

யாரோ இல்லை.

அந்த 'ஞ'வில் ஒரு சுழி அதிகமாக இருந்தது.

அந்த எழுத்தைத் தம்பிக்குக் கற்றுக்கொடுக்க அவளுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. சமையலறைத் தரையில், சிலேட்டில், அவன் கையைப் பிடித்து. ஒரு சுழி கூடுதலாகப் போகிறதே என்று திருத்திப் பார்த்தாள். அவன் விடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

படிவத்தில் பெயர் எழுத இடமில்லை. அவளைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைப்பாள். துவைத்து முடித்ததும் படுத்தால் நாலு மணி வரை தூங்குவாள். வாரத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் ஓய்வு. அவன் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சத்தம் போடமாட்டான். சமர்த்து என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

செயலாளர் தனுஷ்கோடி கதவருகே வந்து நின்றார்.

"முடிஞ்சுதாம்மா? செல்லாதது ஏதும் இருக்கா?"

ஒன்றுக்கு மேல் குறி இருந்தால் செல்லாது என்பது அவளே போட்ட விதி.

"இல்ல சார். எல்லாம் செல்லும்."

"அப்ப கடைசிப் பத்திய முடிச்சுக் குடுத்துரு. உன் பேச்சையே நாலு வரியா எழுதிட்டாப் போச்சு. ஞாயித்துக்கிழமை லீவு தொடரலாம்னு. ஆளும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்."

திரையில் அந்த வாக்கியம் ஏற்கெனவே இருந்தது. காலையிலேயே அடித்து வைத்திருந்தாள்.

அழித்தாள்.

"திங்கக்கிழமை தர்றேன் சார்."

"நாலு வரிக்கு ரெண்டு நாளா?"

எழுந்துபோய் ஆணியில் தொங்கிய மையத்தின் மாற்றுச் சாவியை எடுத்தாள்.

"இதையும் அன்னைக்கே தந்துர்றேன்."

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அலுவலக வாசலில் மையத்தின் வேன் ஹாரன் அடித்தது. சனிக்கிழமை நாலரை மணி.

அவன் இறங்கினான். முப்பத்து நாலு வயசு. தலை வகிடு காலையில் அவள் எடுத்துவிட்டபடியே கலையாமல் இருந்தது. டிரைவர் காதர் பாய் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"வேந்தா, நாளைக்கு லீவு. அக்காவோட ஜாலியா இரு, என்ன?"

வேன் தெருமுனையில் திரும்பி மறையும் வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, எல்லாச் சனிக்கிழமையும் கேட்பதைக் கேட்டான்.

"அக்கா, நாளைக்கு என்ன கிழமை?"

எல்லாச் சனிக்கிழமையும் அவள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஞாயிறு, லீவு.

அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கைக்குள் சாவி உறுத்தியது.

"எட்டரைக்கு ரெடியா இரு."