மாடிக்கு எத்தனை?

“ஆமாம்மா, டாய்லெட்தான் கேட்டேன். ஓவியம் எத்தனைன்னு கேக்கல. மாடிக்கு எத்தனை டாய்லெட், அதைச் சொல்லுங்க போதும்.”

போன்ல மியூசியத்துப் பொண்ணு சிரிச்சது, தையல் மெஷின்ல உக்காந்திருந்த அவளுக்கே கேட்டுச்சு. மானம் போச்சு.

போன் பேசின புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தையும் மாடி மாடியாத்தான் யோசிப்பாரு. நோட்டுல மூணு ஊர் மியூசியத்துக்கும் மேப் போட்டு, சிவப்புப் பேனாவால வட்டம் வட்டமா சுழிச்சு வச்சிருந்தாரு.

அவ எட்டிப் பார்த்தா. ஒரு ஓவியத்தோட பேர்கூட அதுல இல்ல.

“ஏங்க, இது மியூசியம் டூரா, டாய்லெட் டூரா?”

“எனக்கு அரை மணிக்கு ஒரு தடவை போகணும். தெரியாத ஊர்ல போய்த் திருதிருன்னு முழிக்கச் சொல்றியா?”

“டாக்டர்கிட்ட காட்டுங்கன்னாலும் காட்ட மாட்டீங்க.”

“போயிட்டு வந்து காட்டறேன்.”

அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. டூர் இவருக்கா? அவ அப்பாவுக்கு. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டரா இருந்தவரு. புஸ்தகத்துல அச்சடிச்ச படத்தைக் காட்டிக் காட்டியே பாடம் நடத்தினாரே தவிர, ஒரிஜினல் ஒண்ணைக்கூடக் கண்ணால பார்த்ததில்ல. ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா போய்ப் பார்க்கப் போறேன்னு குதிச்சாரு.

அப்புறம் என்னாச்சோ, ரெண்டு வருஷமா வாசப்படி தாண்டல. முட்டி வலி, வெயில், தலைசுத்தல்னு தினம் ஒரு சாக்கு. சொந்தத் தங்கச்சி மக கல்யாணத்துக்கே போகல.

அப்படிப்பட்டவரு போன வாரம்தான் சரின்னாரு. அதுவும் எப்படி? “மாமா, என் தொல்லை தாங்காம என்கூட ஒருத்தனும் வர மாட்டேங்கறான்”னு இவரு மூக்கால அழுதாரு. “அட, இதுக்குப் போயா மாப்பிள்ளை? உங்களுக்குத் துணையா நான் வரேன்”னு அப்பா பெருந்தன்மையா கிளம்பிட்டாரு.

இப்போ என்னடான்னா, மூணு மணி நேரத்துல போற பஸ்ஸை விட்டுட்டு அஞ்சு மணி நேர ரயில். பஸ்ல டாய்லெட் இல்லையாம்!

போனை வச்சுட்டு அவரு உதட்டைப் பிதுக்கினாரு. “ரெண்டாவது ஊர்ல டாய்லெட் கீழ்த்தளத்துல மட்டும்தானாம்.”

“அப்பா பார்க்கத் துடிக்கற படம் அங்க மூணாவது மாடியில இருக்கு. உங்க ஒருத்தருக்காக அதை விட்டுடுவீங்களா?”

“யாரு விட்டா? படத்துக்குப் பக்கத்துலயே லிஃப்ட் இருக்கு. கீழ இறங்க நாப்பது செகண்ட்.”

“சுயநலத்தை உங்ககிட்டதான் கத்துக்கணும்.”

அவரு பிளாஸ்க்ல தண்ணி பிடிக்கப் போனாரு.

ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு. துண்டை வைக்கலாம்னு அவரோட தோள் பையைத் திறந்தா. அடியில ரெண்டு புது பேன்ட். விலைச் சீட்டுகூடப் பிரிக்கல.

வீட்டுல தையல்காரியை வச்சுக்கிட்டு கடையில ரெடிமேடா? இன்னிக்கு விடறதில்லன்னு எடுத்து உதறினா.

கை தானா இடுப்புப் பட்டியில ஓடுச்சு. அளவு நாடாவே வேண்டாம் அவளுக்கு. முப்பது.

புருஷனுக்கு இடுப்பு நாப்பது. வருஷா வருஷம் பிரிச்சு விடறவளே அவதானே.

முப்பது இடுப்பு அந்த வீட்டுல ஒரே ஒருத்தருக்குத்தான். கலரும் அப்பா எப்பவும் போடற அதே சாம்பல். வழியில மாத்திக்கிட்டாக்கூட ஒரு ஈ காக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது.

ரெண்டு வருஷத்து முட்டி வலி என்னன்னு அவளுக்கு அப்பத்தான் விளங்குச்சு.

பிளாஸ்க்கோட வந்தவரு, அவ கையில பேன்ட்டைப் பார்த்து அப்படியே நின்னுட்டாரு.

“ரெண்டு போதுமாங்க?” அவ விலைச் சீட்டைப் பிரிச்சுக்கிட்டே கேட்டா.

“ரயில்லதானே போறோம்? போதும். மடிச்சு வை.”

அவ மடிச்சா. பழையபடி பையோட அடியிலேயே வச்சா.

ஹால்லேர்ந்து அப்பா கூப்பிட்டாரு. அந்தக் குரல்ல இருந்த தெம்பை அவ கேட்டே ரொம்ப நாளாச்சு.

“மாப்பிள்ளை! கிளம்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு தடவை போகணும்ல? வாங்க, நானும் சும்மா துணைக்குப் போயிட்டு வரேன்.”

“இதோ வந்துட்டேன் மாமா, தாங்கல!”ன்னு பிளாஸ்க்கை அவ கையில திணிச்சுட்டு ஓடினாரு.