கூடை நிறைய சாக்லேட்

ஊருக்குக் கொண்டுபோவதற்காக வாங்கி, லீவு ரத்தாகிப்போனதால் அலமாரியிலேயே கிடந்த சாக்லேட் பைகளைக் கிழித்துக் கூடையில் கொட்டினாள் உமாராணி.

“ஹாலோவீனுக்குன்னு தனியா எதுவும் வாங்க வேண்டாம். காசு மிச்சம்.”

மகள் யாழினி கூடைக்குள் கையை விட்டாள். உமாராணி அதைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

“அது வர்ற பிள்ளைங்களுக்கு. உனக்கு அம்மா வேற வாங்கித் தர்றேன்.”

“பெரிய வள்ளல்தான்!” என்று கணவன் சிரித்தான்.

சாயங்காலம் அந்த துபாய் கட்டடத்துப் பிள்ளைகள் முகமூடியோடு வந்து கதவைத் தட்டினார்கள். ஆளுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

பத்து நாள் கழித்து, எதிர் ஃபிளாட் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் கமலேஸ்வரி லிஃப்டில் எதிர்ப்பட்டாள்.

“அக்கா, நீங்கள் குடுத்த சொக்லேட்டை எங்கட வீட்டுப் பிள்ளையள் தொடவே இல்லை. மேடம் என்னை எடுக்கச் சொன்னவா. ஊருக்குப் போன ஒரு ஆளிட்ட என்ர மகளுக்குக் குடுத்துவிட்டனான்.”

உமாராணி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். “சாப்... சாப்பிட்டுட்டாளா?”

“நேற்று போன் கார்டு போட்டுக் கதைச்சனான். வகுப்புப் பிள்ளையளுக்கும் பங்கு வச்சுக் குடுத்தவளாம். உங்களுக்குக் கோடி புண்ணியம் அக்கா!”

கிழித்துக் குப்பையில் போட்ட பைகளில் இருந்தது போன வருஷத்து எக்ஸ்பைரி தேதி. வீடு வீடாக வாங்கிக் குவிக்கும் பிள்ளைகள் இதையா தின்னப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் கொட்டினாள்.

யாழினியின் கையைத் தட்டிவிட்ட அதே கையைக் கமலேஸ்வரி நன்றியோடு பிடித்துக்கொண்டாள்.