தொட்டிக்குள் கைகலப்பு

பின்னங்கழுத்தில் ஒரு பிடி விழுந்தது. சர்வேயர் திரும்பிப் பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீசினார். எலும்பு முறியும் சத்தம் கப்பலின் அந்த இரும்புத் தொட்டிக்குள் நன்றாகவே கேட்டது.

பதிலுக்குத் தாடையில் ஒரு குத்து. வாயெல்லாம் ரத்தம். உருண்டு போன டார்ச்சின் வெளிச்சத்தில் ஆள் தெரிந்தான். முகத்தைக் கறுப்பாக ஏதோ மறைத்திருந்தது. ஆனால் அந்த உடம்பை எதைக் கொண்டு மறைப்பது? கப்பலில் எல்லோரும் 'மலை' என்று கூப்பிடும் ஆள், மாலுமிகளை மேய்க்கிற செராங்குதான் அவன்.

சர்வேயருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கப்பல் கடலில் போக லாயக்கா இல்லையா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் சங்கத்தில் தலை நரைக்க வேலை பார்த்தவர் அவர். தகடு தகடாகத் தட்டுவார். உளுத்த இடத்தில் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்தால் கப்பல் கிளம்பாது. அதனால் அவரைக் கண்டாலே கப்பல்காரர்கள் ஓடி ஒளிவார்கள். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷமும் உண்டு.

மேல்தளத்தில், தொட்டி மூடிப் பக்கத்தில் நின்றுகொண்டு மேட் தலையைச் சொறிந்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். கேப்டனுக்கு அடுத்த அதிகாரி அந்த ஆள்.

"இப்பத்தான் சார் மூடியைத் தொறந்தோம். இன்னைக்கு அப்படியே தொறந்து கிடக்கட்டும். நாளைக்கு இறங்குங்களேன்."

"ஏன்? அதுக்குள்ள பெயின்ட் அடிச்சு ஓட்டையை மறைச்சிடலாம்னு பாக்கறியா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சார். இது ரொம்ப நாளா மூடியே கிடந்த தொட்டி, அதனால…"

"யோவ், யாருக்குக் காது குத்தறே? 'நாளைக்கு'ன்னு சொன்ன எல்லாக் கப்பல்லயும் நான் ஓட்டை பாத்திருக்கேன். நகரு!"

மேட் அலறியடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட ஓடினார். யாரை என்று கேட்கவும் வேண்டுமா? மலை அவருடைய தங்கை புருஷன். சர்வேயர் ஏணியில் இறங்கி நாலு தகடு தட்டியிருப்பார், அதற்குள் மச்சான் மாப்பிள்ளையை அனுப்பிவிட்டார்.

மலை ஏதோ கத்தினான். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்டது, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. முறிந்த தோள் ஒரு பக்கம் தொங்க, மறுகையால் ஒரு கயிற்றை அவர் தலை வழியாக மாட்டினான்.

தூக்கு! சர்வேயர் அந்தக் கையைக் கடித்தார். பல் எலும்பில் இடித்தது. சாவதற்கு முன் மகளை நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். அவள் பெயர் வரவில்லை. பெற்ற மகளின் பெயர்கூட மறந்துபோகும் அளவுக்கா பயந்துவிட்டோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மலை அவர் மார்பில் முழங்காலை ஊன்றிச் சுவரோடு நசுக்கினான். கயிற்றைக் கக்கத்துக்குக் கீழே இறக்கி இறுக்கினான். கழுத்தில் கனமாக எதையோ தொங்கவிட்டான். பிறகு ரப்பர் நாற்றமடிக்கும் ஒன்றை அவர் மூக்கையும் வாயையும் மூடும்படி வைத்து அழுத்தினான். இப்போது அவன் முகம் திறந்து கிடந்தது. கண் பிதுங்கியிருந்தது. அந்த முகத்தை இனி ஜென்மத்துக்கும் மறக்க முடியாது.

மூச்சை அடைத்தே கொன்றுவிடுவான் என்று தோன்றியதும் சர்வேயருக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. அடிவயிற்றில் எட்டி ஓர் உதை விட்டார். மலை பின்னால் போய் இரும்புச் சட்டத்தில் மண்டையை மோதிச் சரிந்தான். அப்புறம் அசையவில்லை. இந்த வயதில் இவ்வளவு பெரிய ஆளைச் சாய்த்ததில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைப்பட விட்டார்களா? கயிறு வெடுக்கென்று மேலே போனது. ஏணியிலும் சுவரிலும் மாறி மாறி இடித்துக்கொண்டு, கோணி மூட்டைபோல அவரை இழுத்து மேல்தளத்தில் போட்டார்கள். கண்ணைத் திறப்பதற்குள் மேட் அவர்மேல் பாய்ந்து முகத்தைப் பிடுங்கினார். நகம் கன்னத்தைக் கிழித்தது.

"கொலைகாரப் பாவிங்களா! குடும்பமா சேர்ந்து கொல்றீங்களாடா?" கத்தினாரே தவிர, சத்தம் வாயை மூடியிருந்த ரப்பரைத் தாண்டி வரவில்லை. மேட்டின் மூக்கில் ஓங்கிக் குத்தினார். ரத்தம் கொட்டியது. மேட் விடவில்லை. இரண்டு மாலுமிகள் ஓடி வந்து சர்வேயரின் கைகளை மிதித்துக்கொண்டார்கள். அவர் காலால் உதைத்தார்.

மேட் ரத்தமும் கண்ணீருமாக அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"மாஸ்க்க எடுக்க விடுங்க சார், உள்ள காத்தே இல்ல, கப்பல்ல இருந்த ஒரே மாஸ்க்கக் கழட்டி உங்களுக்கு மாட்டிட்டு மாப்ள கீழ கிடக்கான்!"